மாடு தின்ற சோளமும் நான் எழுதிய சயனைடும்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கால்நடை மருந்தகத்தில் இப்போது ஆய்வாளராக இருப்பவள். இப்போதெல்லாம் மாடு செத்தால் கைப்பேசியிலேயே பதிய வேண்டுமாம். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியுமாம். நோய், விபத்து, மின்னல், பாம்பு, நஞ்சு, முதுமை. மாடு எதனால் செத்தாலும் இந்த ஆறில் ஒன்றுக்குள் அடங்கிச் செத்திருக்க வேண்டும். "சோளம் தின்னு செத்த மாடு, நஞ்சுன்னு தொட்டுடவா மேடம்?" என்றாள். "தொட்டுடாதடி அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏன் கத்தினேன் என்று அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன், என் வாய் அப்படி. எழுதும்போது கொஞ்சம் வெட்கம் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டுக்குப் பின்னால் உதை வாங்காமல் நிற்பது எப்படி என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். பதிவேட்டில் கோணாமல் கோடு போடுவது எப்படி என்று மீதி நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வீடு விருத்தாசலத்தில், வேலை திட்டக்குடி போகும் வழியில் ஒரு கிராமத்தில். கிராமத்தின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் மானாவாரிக் கொல்லையில் சோளமும் கம்பும் போடுவார்கள். மீதிப் பேர் காலை பஸ்ஸில் விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய், சாயங்கால பஸ்ஸில் முழங்கை வரை வெளுத்துத் திரும்புவார்கள்.

ஊர்க்காரர்களுக்கு நான் டாக்டரம்மா. நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான் என்று முதல் ஆறு மாதம் திருத்திப் பார்த்தேன். அவர்கள் கணக்கில் மாட்டைத் தொடுகிறவர் டாக்டர், கையெழுத்துப் போடுகிறவர் ஆபீசர். ஆகவே ஐந்து வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய எங்கள் உண்மையான டாக்டருக்கு 'ஆபீசர் சார்' என்று பெயர். அது அவருக்குக் கடைசிவரை ஆறாத புண்ணாகவே இருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு சாணியில் எப்படிக் கால் வைப்பது? அதனால் மாட்டுக் கொட்டகைக்குள் அவர் போக மாட்டார். ஆனால் செல்லுக்குள் போவார். எந்தப் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது நிமிஷம் செல்லுக்குள் இருப்பார். "மாடு அசை போடல சார்" என்றால், "அது வெளியில தெரியறது. செல் அளவுல என்ன நடக்குது, அத சொல்லுங்க" என்பார். செல் அளவில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாடு என்னிடம் சொல்லியிருந்தால் அல்லவா தெரியும்!

ஒருநாள் ஒருவர் வந்து, "பால் கொறஞ்சிடுச்சுங்க" என்றார். டாக்டர் அவரை உட்கார வைத்தார். பாலில் இருக்கிற புரதம் மடியின் செல்களில்தான் தயாராகிறது, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ரைபோசோம் என்று பொடிப்பொடியாக இருக்கிறது, எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது என்று உட்கருவிலிருந்து எழுதி வருகிற சீட்டைப் பார்த்து அது மணி கோப்பது மாதிரி கோத்துக்கொண்டே போகிறது, கோக்கச் சரக்கும் வேண்டும், கோக்கிற வேலைக்குச் சக்தியும் வேண்டும், அந்தச் சக்தி மைட்டோகாண்ட்ரியாவில் சர்க்கரையை ஆக்சிஜனோடு எரிப்பதால் கிடைக்கிறது என்று அரை மணி நேரம் சொன்னார். அந்த மனுஷர் அசையாமல் கேட்டுவிட்டு, "அப்ப கொஞ்சம் புண்ணாக்கு சேத்து வெக்கட்டுங்களா?" என்றார். "அதத்தானய்யா இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்றார் டாக்டர்.

சிரிப்பாக இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இருக்காது. பத்து வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பேச்சின் மேல் ஆசை வந்துவிட்டது. நாமும் ஒருநாள் நாலு பேர் நடுவில் இப்படிப் பேச வேண்டும் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. என் அறிக்கைகளில் அவர் சிவப்பு மையால் அடிப்பார். ஒருமுறை 'பச்சைத் தீனி அதிகம் தின்று வயிறு உப்பியது' என்று எழுதியிருந்தேன். "இது அறிக்கையா, சமையல் குறிப்பா?" என்று கேட்டு, தீனியை அடித்துவிட்டு, வாயில் நுழையாத ஏதோ ஒன்றை எழுதினார். அன்றிலிருந்து நான் அறிக்கையில் தீனி, தட்டை, புல் என்று எழுதுவதையே விட்டுவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அந்த வருஷம் ஆடியில் போட்ட சோளம் மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. பிறகு ஒருநாள் சும்மா ஒரு தூறல் போட்டது. காய்ந்த பயிர் அடியில் பச்சென்று பக்கக் கன்று விட்டது. அது பார்க்கத்தான் அழகு. அந்த நேரத்துச் சோளத்தில்தான் சயனைடு ஏறி நிற்கும். பிஞ்சுப் பயிரில் விஷம் உண்டு என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் ஊர் நாளைத்தான் எண்ணும், உயரத்தை எண்ணாது. விதைத்து ரெண்டு மாசம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்பது அவர்கள் கணக்கு.

காலை எட்டரை மணிக்கு ஆரோக்கியசாமி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கோயில் தெருவில், மாதா கோயிலுக்கு நேர் பின்னால் வீடு. மூன்று கறவை மாடு. நான் போவதற்குள் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்று விழுந்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்குப் பறந்துகொண்டிருந்தது. மூன்றாவது நின்றபடி நடுங்கியது. வாயைத் திறந்து ஈறைப் பார்த்தேன். செம்பருத்தி நிறத்தில் இருந்தது. மூச்சு முட்டுகிற மாட்டுக்கு ஈறு நீலம் பாய வேண்டும். சிவந்திருந்தால் ஒன்றுதான் அர்த்தம், சயனைடு. தொட்டியில் பார்த்தேன், நறுக்கிப் போட்ட சோளம். ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏ ராசாத்தி, எழுந்திரிடி, எழுந்திரிடி" என்று அழுதுகொண்டிருந்தாள்.

கையில் ஒரு மாட்டுக்கு ஆகிற ஊசிமருந்துதான் இருந்தது. நின்றுகொண்டிருந்த மாட்டுக்கு நரம்பில் ஏற்றினேன். ஊர் முனை போட்டோ ஸ்டுடியோவுக்கு ஆரோக்கியசாமியை விரட்டினேன். படம் கழுவுகிற காலம் போன பிறகும் ஸ்டுடியோக்காரர் ஒரு டப்பா ஹைப்போ வைத்திருந்தார். அதுவும் என் ஊசியில் இருந்த மருந்தும் ஒரே உப்புதான். கரைத்து வாய்வழியே ஊற்றினோம். நின்ற மாடு பிழைத்தது. பிலோமினா மடியில் தலை வைத்த ராசாத்தி பிழைக்கவில்லை.

அதோடு நான் இறப்புச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். தெருவே கூடி நிற்கிறது, எல்லார் கண்ணும் என் மேல், பத்து வருஷ அரிப்பு. செத்த மாட்டை அறுத்து ரத்தத்தைக் காட்டினேன். குங்குமக் கரைசல் மாதிரி இருந்தது. ஆரம்பித்தேன்.

"பாருங்க, ரத்தத்துல ஆக்சிஜன் நெறைய இருக்குது. அதான் இவ்ளோ செவப்பு. ஆனா செல்லு அத எடுத்துக்க முடியல. ஒங்க பீங்கான் கம்பெனி சூளையில வெறவும் இருக்குது, காத்தும் இருக்குது, தீ மட்டும் பிடிக்கலன்னா எப்படி இருக்கும்? அப்படி. செல்லுல எரிக்கிற வேலைய செய்யறது ஒரு புரதம். அதுமேல போயி இது ஒட்டிக்கிச்சு. மூச்சு உள்ள போவுது, உசிரு எரிய மாட்டேங்குது. இது சயனைடு."

என்ன அழகாகப் பேசினேன்! கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது கடைசிச் சொல்லை மட்டும். "எங்க இருந்திச்சு டாக்டரம்மா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "தீனியிலதான். தொட்டியில கெடக்குறத எடுத்துக் கொட்டுங்க" என்றேன். பிறகு சீட்டை எழுதினேன். 'இறப்புக்குக் காரணம்: சயனைடு நஞ்சு. செல் சுவாசம் தடைபட்டது.' எழுதிவிட்டு ஒருமுறை சத்தமாகப் படித்தும் காட்டினேன். டாக்டர் சிவப்பு மையைத் தொட வழியே இல்லாத சீட்டு. வண்டியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்துவிட்டேன்.

தீனியில் சயனைடு என்றால் தீனியிலேயே ஊறியது என்று நான் நினைத்தேன். தீனியில் யாரோ கலந்தது என்று ஊர் நினைத்தது. சயனைடு என்றால் அவர்களுக்குத் தெரிந்தது கொலையும் தற்கொலையும்தானே!

கலந்தது யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆரோக்கியசாமியின் தம்பி பெண்டாட்டி லூர்துமேரி பக்கத்து வீடு. தம்பி செத்து நாலு வருஷம். அவள் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு மேல்பூச்சு பூசுகிற வேலைக்குப் போனாள். வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துவந்து பூசிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் இருப்பாள், மற்ற நாளெல்லாம் பிள்ளையார் பொம்மைக்குத் தும்பிக்கை பூசுவாள். வீட்டில் அந்தப் பூச்சுக்கான வெள்ளைப் பொடி ஒரு பக்கெட் இருந்தது. மாட்டுத் தொட்டி அவள் சுவரை ஒட்டி இருந்தது. பொதுக்குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்று பிலோமினாவோடு அவளுக்குச் சண்டை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி இன்னொன்றும் கிடைத்தது. ஒரு பெரியவர் மீதிச் சோளத் தட்டையைத் தடவிப் பார்த்து, "வெள்ளையா ஒட்டியிருக்குது பாரு!" என்றார். சோளத் தட்டையின் மேல் இயற்கையிலேயே மாவு மாதிரி ஒரு வெள்ளை படிந்திருக்கும். அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் அதைத் துடைத்துவிட்டுத் தட்டை கடித்தவர்கள்தான். அன்றைக்கு ஒருவருக்கும் அது நினைவில்லை.

மறுநாள் நான் போனபோது லூர்துமேரி வாசலில் பொம்மைகள் நொறுங்கிக் கிடந்தன. ஆரோக்கியசாமி என் சீட்டையே இணைத்துப் போலீசில் மனு கொடுத்திருந்தார். ஏட்டு வந்து பக்கெட்டை எடுத்துப் போயிருந்தார். கம்பெனியில், "கேஸு முடியற வரைக்கும் வராதம்மா" என்று சொல்லிவிட்டார்கள். "அரெஸ்ட் பண்ணுவாங்களாம் டாக்டரம்மா. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இருக்குறேன். நான் அந்த மாட்டுக்குக் கழனித்தண்ணி வெச்சவங்க. என்னமோ கலந்தேன்றாங்க" என்றாள் லூர்துமேரி. அவள் அழவில்லை. உடைந்த தும்பிக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியசாமியிடம் ஓடினேன். "சோளத்துலயே இருக்குற விஷம்யா!" என்றேன். "இப்ப மாத்திப் பேசாதீங்க. நீங்கதான சயனைடுன்னு படிச்சிக் காட்டினீங்க? அவ ஒங்க கால்ல விழுந்துட்டாளா?" என்றார்.

டாக்டரிடம் போனேன். "நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க சார், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றேன். அவர் சீட்டின் நகலை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா! நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"சார், அங்க ஒரு பொம்பளைய ஜெயில்ல போடப் போறாங்க."

"அது சமூகப் பிரச்சினை. அறிவியல்ல தப்பு இல்லையே?"

அப்போது எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். சர்வீஸிலேயே அந்த ஒரு தடவைதான். "லேபுக்கு மாதிரி அனுப்பி ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அவ வாழ்க்கை முடிஞ்சிடும் சார். கொட்டகைக்குள்ளதான் வர மாட்டீங்க, இதுக்காவது ஒரு வழி சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் கொஞ்ச நேரம் ஷூவையே பார்த்தார். பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்தார். அலமாரியின் அடியிலிருந்து பழைய பிக்ரிக் அமிலக் குப்பியை எடுத்து, ஆய்வகத் தாளை விரல் அகலத்தில் கத்தரித்து, அமிலத்திலும் சோடா உப்புக் கரைசலிலும் நனைத்து, ஒவ்வொன்றாக ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். தாள் மஞ்சளாகியது, அவர் விரலும் மஞ்சளாகியது. "பயிர நசுக்கி, குப்பியில போட்டு, நாலு சொட்டு தண்ணி விடுங்க. தாள மேல தொங்க விட்டு இறுக்கி மூடுங்க. தாள் தண்ணியில படக் கூடாது. வெயில்ல வைங்க. சயனைடு இருந்தா செங்கல் நிறம் வரும்" என்றார். அவர் கை அழுக்கானதை அன்றுதான் பார்த்தேன். கிராமத்துக்கு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்டு, கோயில் வாசலில் ஒரு பெஞ்சு போட்டேன். அவரும் யாருக்கு யாரோடு கல்யாணம் என்று திருமண ஓலை வாசித்த கையோடு, "சயனைடு சோதனை இருக்கிறது, யாரும் கலைய வேண்டாம்" என்று அறிவித்தார். ஒருவரும் கலையவில்லை. பூசைக்கு வராதவர்களும் வந்தார்கள். ஏட்டு பக்கெட்டோடு வந்தார். மூன்று குப்பி வைத்தேன். ஒன்றில் ஆரோக்கியசாமி கொல்லையிலிருந்து அவரே பறித்து வந்த சோளத் தோகை. ஒன்றில் லூர்துமேரியின் வெள்ளைப் பொடி. ஒன்றில் வெறும் தண்ணீர். "இந்தப் பொடி சயனைடா இருந்தா இந்தத் தாளு செவக்கும். இல்லன்னா மஞ்சளாவே இருக்கும். எல்லாரும் பாத்துக்குங்க" என்றேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சோளக் குப்பியின் தாள் ஓரத்தில் ஆரஞ்சு ஏறியது, பிறகு முழுக்கச் செங்கல் நிறமாகியது. பொடிக் குப்பியில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. "அட ஆமாம்யா!" என்று ஒரு குரல். சாட்சி சொன்ன பெரியவர், "நான் அப்பவே நெனச்சேன், தட்டையில வெள்ளை இருக்கத்தான செய்யும்" என்றார். ஏட்டு விரலை வெள்ளைப் பொடியில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "மண்ணுதான்" என்று அரசாங்கத் தீர்ப்பு சொன்னார்.

அதோடு கலைந்தார்களா? வீட்டுக்கு ஓடி ஆளுக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். ரேஷன் அரிசி, கருவாட்டுக் குழம்பு. ஒருவர் டம்ளரைத் துண்டால் மூடி எடுத்து வந்து, "மருமவ போட்ட காப்பிங்க, சும்மா ஒரு தாள் மட்டும் விட்டுப் பாருங்க" என்று காதோடு சொன்னார். மருமகள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் யாரோ கேட்டார்கள்: "அப்ப அந்தச் சோளத்த அறுத்துப் போட்டது யாரு?"

பிலோமினா கையில் செபமாலையோடு நின்றிருந்தாள். தூறலுக்குப் பிறகு துளிர்த்துப் பச்சையாய் இருக்கிறதே, மாடு ஆசையாகத் தின்னுமே என்று அன்றைக்கு விடியும் முன்பே போய் அறுத்து வந்தவள் அவள்தான். சிவந்த தாளையே பார்த்தாள். "நானா? என் கையாலயா போட்டேன்?" என்று கேட்டாள். ஆரோக்கியசாமி, "பாவி முண்ட!" என்று கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். மூன்று நாளாக லூர்துமேரியைப் பார்த்த அதே கண்ணால் கூட்டம் இப்போது பிலோமினாவைப் பார்த்தது. இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஓங்கிய கையைப் பிடித்தது லூர்துமேரி. "வுடுங்க மாமா. மாடு போனது போதும். அவங்களுக்கு என்னா தெரியும்? தெரிஞ்சா போடுவாங்களா?" என்றாள். பிலோமினாவை அவள் கட்டிக்கொள்ளவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கையை விட்டாள், ஏட்டிடம் போய் பக்கெட்டை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் குப்பிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்குத் தெரியாது, போட்டாங்க. ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல டாக்டரம்மா, அது சோளத்துல இருக்கிறதுன்னு?"

"தெரியும்."

"அப்ப அந்தச் சீட்டுல சோளம்னு ஒரு வார்த்த எழுதறதுக்கு ஒங்களுக்குக் கை வலிச்சுதா?"

பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அதன் பிறகு பதினொரு வருஷம் அந்தத் தெருவுக்குப் போய்வந்தேன். தெருவே என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. அவள் மட்டும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.